காட்டுக்கு அடியில் இருப்பது யாருக்குச் சொந்தம்?



கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளில் இன்று குடியிருக்கும் குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன்னால் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவை. லயத்தில் விறகு அடுப்பும் மண்ணெண்ணெய் விளக்கும் இருந்தன. இன்று தோட்டமானாலும் பட்டணமானாலும் அடுப்படியில் எரிவாயுத் தோம்புதான் நிற்கிறது. விறகு எங்கிருந்து வந்தது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். மறுநடவுக்காகச் சாய்த்த கித்தா மரத்தை வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள் அவர்களே. தோம்புக்குள் இருக்கும் வாயு எங்கிருந்து வந்தது? அது கிடந்த நிலத்தின் மேலே என்ன இருந்தது? கடலா, காடா, யாருடைய வீடா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கிறது, குழாயை இறக்கி உறிஞ்சினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு செங்கல்லைத் தண்ணீரில் போட்டு எடுங்கள். கல் கல்லாகவே இருக்கிறது. ஆனால் கனம் கூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துவாரங்களில் நீர் புகுந்துகொண்டது. கல்லெண்ணெயும் இப்படித்தான் மணற்பாறையின் நுண்ணிய துவாரங்களில் ஒளிந்திருக்கிறது. மேலே களிப்பாறை ஒன்று மூடிபோல அமைந்திருந்தால் அது அங்கேயே தங்கும். மூடி இல்லாவிட்டால் மெல்லக் கசிந்து மேலே வந்துவிடும். பெட்ரோலியம் என்ற சொல்லுக்கே பாறை எண்ணெய் என்றுதான் பொருள். நம் முன்னோர் கல்லெண்ணெய் என்று மொழிபெயர்த்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்த எண்ணெய் எப்படி உண்டாயிற்று? கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த மிகச் சிறிய உயிர்களும் பாசிகளும் செத்துச் சேற்றில் புதைந்தன. அதன்மேல் சேறு, அதன்மேல் மணல் என்று இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஏறிக்கொண்டே போயின. ஆழம் கூடக்கூடச் சூடும் கூடும். அந்தச் சூட்டில் மெதுவாக வெந்து அவை எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. நிலத்து மரங்கள் சதுப்பில் விழுந்து புதைந்தால் அவை பெரும்பாலும் நிலக்கரியாகும். இரண்டும் ஒரே சமையல்தான். அரிசி வேறு, அவ்வளவே.

சில இடங்களில் இந்தச் சமையல் பாதியில் நின்றுவிட்டது. பாசி கலந்த சேறு கல்லாக இறுகிவிட்டது, ஆனால் எண்ணெயாக வேகவில்லை. இதை எண்ணெய்க்களிக்கல் என்று சொல்லலாம். இந்தக் கல்லை வெட்டியெடுத்து, காற்றுப் படாத கலத்தில் சுமார் 500 டிகிரி வரை சூடேற்றினால் எண்ணெய் வடியும். வேறு சில இடங்களில் வாயு உண்டாகிவிட்டது, ஆனால் இறுகிய பாறையிலிருந்து வெளிவர வழியில்லை. அங்கே கிணற்றைக் கீழே இறக்கி, படுக்கைவாட்டில் திருப்பி, மணலும் மருந்தும் கலந்த தண்ணீரை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். ஒரே கிணற்றுக்கு இலட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் செலவாகும். கனடாவின் அத்தாபாஸ்கா வட்டாரத்தில் மணலோடு தார்போல ஒட்டிக் கிடக்கும் எண்ணெயை எடுக்க, மேலிருந்த காட்டையே உரித்தெடுத்துவிட்டு மணலை வெந்நீரில் அலசுகிறார்கள். சுலபமாகக் கிடைக்கிற எண்ணெய் குறையக் குறைய, இப்படிப்பட்ட முரட்டு வழிகளுக்கு மனிதன் போகிறான். எடுக்கிற எண்ணெய்க்குச் செலவாகும் நீரும் நெருப்பும் கூடிக்கொண்டே போகின்றன.

கனடாவும் களிக்கல்லும் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே, ரவாங்குக்கும் குவாங்குக்கும் அப்பால், பத்து ஆராங் என்ற சிற்றூர் இருக்கிறது. மலாய்மொழியில் பத்து ஆராங் என்றால் நிலக்கரி. ஊரின் பெயரே அதன் வரலாறு. அங்கே நிலத்துக்கு அடியில் நிலக்கரியும் இருக்கிறது, நான் இப்போது சொன்ன எண்ணெய்க்களிக்கல்லும் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஓர் ஏரியும் அதைச் சுற்றிச் சதுப்புக்காடும் இருந்தன என்பதற்கு இதுவே சாட்சி.

1908-ஆம் ஆண்டில் அந்தக் காட்டுப் பகுதியில் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. ஜே. ஏ. ரசல் என்ற வெள்ளைக்கார முதலாளி மலாயன் காலியரீஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1915 முதல் கரி வெளிவந்தது. மலாயாவில் நிலக்கரி பெருமளவில் வெட்டப்பட்ட சுரங்கம் இதுதான். சில இடங்களில் திறந்த பள்ளமாகவும், சில இடங்களில் நிலத்துக்கு அடியில் குடைந்தும் கரியை எடுத்தார்கள். குவாங்கிலிருந்து இரயில்பாதை போட்டு அதை வெளியே கொண்டுவந்தார்கள். இரயில் வண்டிகளும், ஈய லம்பங்களின் இயந்திரங்களும், பங்சார் மின் நிலையமும் அந்தக் கரியால் இயங்கின. பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இரயில்வேயில் வேலைசெய்த நம்மவர்கள், எஞ்சின் உலைக்குள் மண்வெட்டியால் வாரிப்போட்ட கரியில் பெரும்பங்கு பத்து ஆராங் கரிதான்.

அது அவ்வளவு உயர்ந்த கரியென்று சொல்ல முடியாது. காற்றுப்பட்டால் தானாகவே புகைந்து தீப்பிடித்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட கரியை நிலத்துக்கு அடியில் குடைந்தவர்களின் நிலைமை எப்படி இருந்திருக்கும்? தொழிலாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள்; இந்தியர்களும் இருந்தார்கள். குத்தகைக்காரர் கையில் கூலி, அவர் கையிலேயே சாப்பாட்டுக் கணக்கு. கங்காணி முறையை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1937-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கம் போலீசை அனுப்பி அதைத் திரும்பப் பிடித்தது. நாட்டின் இரயிலும் மின்சாரமும் அந்த ஒரு சுரங்கத்தை நம்பியிருந்தபடியால் ஆங்கிலேய ஆட்சி நடுங்கிப்போயிற்று. மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் இது ஒரு பெரிய சம்பவம். பள்ளிப் பிள்ளைகள் இன்னும் விரிவாகப் படிக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று திசை மாறியது. மின் நிலையங்கள் எண்ணெய்க்கு மாறின. இரயில்வேயும் டீசல் எஞ்சின்களை வாங்கியது. கரியைத் தோற்கடித்தது எண்ணெய்! 1960-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. களிக்கல்லிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழில் அங்கே தலையெடுக்கவே இல்லை. குழாய்க் கிணற்றில் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்போது கல்லை வேகவைத்து எண்ணெய் எடுக்க யார் முன்வருவார்கள்?

கம்பெனி போய்விட்டது, குடைந்த பாதைகள் போகவில்லை. பள்ளங்கள் ஏரிகளாகிவிட்டன. நிலத்துக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால், மேலே கட்டடம் எழுப்புவதற்குப் பல இடங்களில் தடையும் அச்சமும் நீடித்தன. கரியை எரித்தவர்கள் வேறு ஊரில், அடியில் ஓட்டை விழுந்த மண்ணில் குடியிருப்பவர்கள் பத்து ஆராங்கில். ஒரு நிலத்துக்கு அடியில் இருப்பதை எடுக்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு இது. அன்று கம்பெனியின் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இருந்ததாகத் தெரியவில்லை.

இனி எண்ணெய்க்கு வருவோம். நம் நாட்டு எண்ணெயின் கதை சரவாக்கில், மீரியில் தொடங்குகிறது. அந்த வட்டார மக்கள் வெகு காலமாகக் கையால் குழி தோண்டிக் கசிவு எண்ணெயை எடுத்துவந்தார்கள். பின்னர் ஷெல் கூட்டத்தைச் சேர்ந்த கம்பெனி அங்கே காடு மூடியிருந்த ஒரு குன்றின்மேல் மரத்தால் கோபுரம் கட்டித் துளையிட்டது. 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் எண்ணெய் கிடைத்தது. நாளொன்றுக்குச் சுமார் 80 பீப்பாய் கிடைத்தது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். இன்றைய கணக்கில் இது சொற்பம். ஆனால் அதைச் சுற்றித்தான் மீரி என்ற நகரமே எழுந்தது. அந்த முதல் கிணறு 1972 வரை எண்ணெய் தந்தது. மூதாட்டி என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் கிணற்றின் கோபுரத்தை இன்றும் கனடா மலையில் பார்க்கலாம். பிறகு தொழில் கடலுக்குள் நகர்ந்தது. சரவாக், சபா, தெரெங்கானு கடற்பரப்புகளிலிருந்து எண்ணெயும் வாயுவும் வருகின்றன. சிலாங்கூரில் எண்ணெய்க் கிணறு இல்லை.

சரி, இதெல்லாம் யாருக்குச் சொந்தம்? உங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது, கையில் கிராண்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு தோண்டும்போது ஈயமோ தங்கமோ அகப்பட்டால் அது உங்களுடையதா? இல்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நிலத்தில் இருக்கும் கனிமங்கள் மாநில அரசுக்கு உரியவை. தோட்டத் துரையின் நிலமானாலும் இதே விதிதான். கல்லெண்ணெய்க்குத் தனிச் சட்டம் உண்டு. 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம், நாட்டின் எண்ணெயையும் வாயுவையும் பெட்ரோனாஸ் நிறுவனத்தின் உடைமையாக்கியது. எண்ணெய் எடுக்கப்படும் மாநிலத்துக்கு 5 விழுக்காடு என்று ஏற்பாடு. அது போதாது என்று சரவாக் முதலான மாநிலங்கள் வாதாடிவருவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம், எண்ணெய் கூட்டரசின் சட்டம் என்று இருந்தால் இழுபறி இல்லாமல் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் கதை நேர்மாறு. அங்கே மேல்நிலம் ஒருவருக்கும் அடிநிலம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். பென்சில்வேனியா மாநிலத்தில் ஆலெகெனி தேசிய வனம் என்ற பெரிய பொதுக்காடு இருக்கிறது. 1859-இல் உலகப் புகழ்பெற்ற டிரேக் கிணறு தோண்டப்பட்ட வட்டாரம் அதற்கு அருகில்தான். மரங்களை வெட்டித் தீர்த்த பிறகு கிடந்த நிலத்தை அரசாங்கம் வாங்கி 1923-இல் அதைத் தேசிய வனமாக்கியது. ஆனால் விற்றவர்கள் கெட்டிக்காரர்கள். மேல்நிலத்தை விற்றுவிட்டு, அடியில் இருக்கும் எண்ணெய் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். காட்டுக்கு அடியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலான கனிம உரிமை தனியார் கையில் இருக்கிறது. பொதுமக்களின் காட்டுக்குள் தனியார் வந்து சாலை போட்டுக் கிணறு தோண்டினால் முற்றிலும் தடுக்க வழியில்லை. காட்டைக் காக்கிறோம் என்று வேலி போட்டுவிட்டு, அடிக்கதவைத் திறந்துவைத்த கதை!

ஒரு கிணறு காட்டை என்ன செய்யும் என்று கேட்கலாம். கிணற்றின் வாய் ஓர் அண்டா அளவுதான். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு ஹெக்டேர் வெட்டவெளி வேண்டும். லாரி போகச் சாலை வேண்டும், குழாய் போக வழி வேண்டும். சாலை வந்துவிட்டால் மரம் வெட்டுகிறவனும் வேட்டைக்காரனும் தானே வருவான். எண்ணெயோடு உப்பு நீர் வரும். அதை ஆற்றில் விட்டால் மீன் சாகும். இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்ய வழிகள் உண்டு. தொழில்நுட்பம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அசாமைப் பாருங்கள்.

அசாமில் திக்பாய் என்ற ஊரில் 1889-ஆம் ஆண்டு காட்டுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். மரம் இழுத்த யானைகளின் காலில் எண்ணெய் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையின் உண்மை எப்படியோ, கேட்கச் சுவையாக இருக்கிறது! 1901-இல் நிறுவிய அவ்வூர்ச் சுத்திகரிப்பு ஆலை இன்றும் ஓடுகிறது. அந்த வட்டாரம் முழுவதும் தேயிலைத் தோட்டங்கள். நம்மைப்போலவே வெள்ளைக்காரர் காலத்தில் தூரத்திலிருந்து ஏற்றிவரப்பட்ட தொழிலாளர்கள் அங்கே பரம்பரையாக வாழ்கிறார்கள். அதே மேல் அசாமில், திப்ரு-சைகோவா தேசிய வனத்துக்கு அருகில், பாக்ஜான் என்ற கிராமத்தில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் வாயுக் கிணறு ஒன்று இருந்தது. 2020-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் அது கட்டுக்கடங்காமல் பீறிட்டது. ஜூன் 9-ஆம் நாள் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். பக்கத்துச் சதுப்பு ஏரியில் எண்ணெய் படிந்தது; வீடுகளும் சிறு தேயிலை நிலங்களும் கருகின. அதை முழுமையாக அடக்க நவம்பர் மாதம் ஆயிற்று. ஐந்து மாதத்துக்கும் மேல் ஒரு கிராமம் உறங்கவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பாடம் நடந்தது. 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில், சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் ஒரு தொழிற்கூடத்தின் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய தாய்மார்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. நம் குழாய்த் தண்ணீர் மலைக்காடுகளில் பிறந்து ஆறாக வருவது. ஆகவே காட்டில் என்ன தோண்டுகிறார்கள், எதைக் கொட்டுகிறார்கள் என்பது காட்டில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் உரிய கவலை என்று விட்டுவிட முடியாது.

இன்னொரு காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோல லங்காட் வட்டாரத்தில் இருக்கும் கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு, 1927-இல் அரசிதழில் பதிவானது. அது கரிச்சதுப்புக் காடு. மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பார்களே, அந்த மண். இலையும் வேரும் நீருக்குள் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கருமண். பத்து ஆராங் நிலக்கரி குழந்தையாக இருந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும்! அதில் செம்பனை நட்ட தோட்டங்களில் வேலைசெய்தவர்களுக்குத் தெரியும்: வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மண் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும், மரம் சாயும். வறட்சியில் தீப்பிடித்தால் மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். எரிபொருள்மேல் நடக்கிறோம் என்பது அங்கே உவமை அல்ல, உண்மை.

2020 பிப்ரவரியில், அந்தக் காட்டின் 930 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைக் காப்புப் பட்டியலிலிருந்து நீக்க மாநில அரசு அறிவிப்பு வெளியிட்டது. நோக்கம் கரியோ எண்ணெயோ அல்ல. வீடும் கடையும் கலந்த மேம்பாடு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தெமுவான் பூர்வகுடியினர் எதிர்த்தார்கள். நகர மக்களும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் எழுதினார்கள். அப்படியிருந்தும் 2021 மே மாதத்தில் சுமார் 536 ஹெக்டேர் நீக்கப்பட்டது பின்னர் வெளியே தெரிந்தது. கூக்குரல் எழுந்தது. 2021 செப்டம்பர் 8-ஆம் நாள், அந்த முடிவைக் கைவிட்டு அதை மீண்டும் காப்புக்காடாகவே வைப்பதாக மந்திரி புசார் அறிவித்தார்.

கடலுக்கு அப்பாலும் இப்படி ஒரு முடிவு உண்டு. தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில், அமேசான் காட்டின் யசுனி தேசிய வனத்துக்கு அடியில் பெரும் எண்ணெய் இருக்கிறது. எடுப்பதா விடுவதா என்று 2023 ஆகஸ்ட் 20-ஆம் நாள் நாட்டு மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 59 பேர், எண்ணெய் நிலத்துக்கு அடியிலேயே கிடக்கட்டும் என்றார்கள். ஏழை நாடு அது. எண்ணெய்ப் பணம் வேண்டாதவர்கள் அல்லர். வாக்கு முடிந்த பிறகு கிணறுகளை மூடும் வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் அப்படி வாக்கெடுப்பு இல்லை. ஆனால் ஒரு வாசல் இருக்கிறது. சிலாங்கூரில் 2011-இல் வனச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு காப்புக்காட்டைப் பட்டியலிலிருந்து நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2022-இல் நாடாளுமன்றமும் அவ்வகைத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதை ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். வீடு கட்டுவதற்கானாலும் சுரங்கம் தோண்டுவதற்கானாலும் காப்புக்காடு கைமாறுமுன் இந்த வாசலைக் கடக்க வேண்டும்.

அறிவிப்பு எப்படி வரும்? செய்தித்தாளில் சின்ன எழுத்தில், பெரும்பாலும் மலாய்மொழியில் வரும். ஊத்தான் சிம்பான் என்ற சொல்லும், வட்டாரத்தின் பெயரும், ஹெக்டேர் கணக்கும் அதில் இருக்கும். கோல லங்காட் விஷயத்தில் ஆட்சேபம் சொல்லக் கொடுத்த காலம் 30 நாள். ஆட்சேபக் கடிதம் எழுத வக்கீல் வேண்டியதில்லை. பெயர், முகவரி, எந்தக் காடு, அந்தக் காட்டால் உங்களுக்கு என்ன சம்பந்தம், ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்பதை எழுதிக் கையொப்பமிட்டு, அறிவிப்பில் கண்ட வன இலாகா முகவரிக்கு அனுப்பினால் போதும். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை அதை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லட்டும்.